ஒரு வாய் சாப்பிடுங்க சார்

மேசை மேல் டிபன் பாக்ஸை வைத்துத் திறந்தார் ராஜவேலு. மூன்று அடுக்கு. மேலே சோறு, நடுவில் நெத்திலிக் கருவாடும் மொச்சையும் போட்ட குழம்பு, கீழே இரண்டு அவித்த முட்டை. என் அறைக்குள் அதுவரை வந்திராத வாசனை. மின்விசிறி அதை எடுத்து எல்லாக் காகிதத்திலும் தடவியது.

"ஒரு வாய் சாப்புடுங்க சார்."

"இப்பதான் சாப்பிட்டேன்" என்றேன். மணி பதினொன்றே கால். அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

"ஒரே ஒரு வாய். நீங்க சாப்டீங்கன்னா நான் சாப்புடறேன். அஞ்சு நாளா வூட்ல கை நனைக்கல சார். கடை இட்லியா தின்னுகினு கெடக்கறேன்."

குழம்பின் மேல் எண்ணெய் மிதந்தது. நெத்திலிகளை எண்ணினேன். பதினொன்று தெரிந்தன. அடியில் எத்தனையோ.

கடலூரில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவன் நான் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் டாக்டர் அல்ல. என் அறை வாசலில் ஆலோசகர் என்று பலகை இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் "பேசுற சார் ரூமு" என்பார்கள். மாத்திரை எழுதுவது டாக்டர், பேசுவது நான். ராஜவேலு விஷயத்தில் அந்தக் கோட்டை நான் தாண்டினேன். அதைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தாயிற்று.

எதற்கெடுத்தாலும் கணக்கு

போன வாரம் வந்த நான்கு கடிதங்களில் ஒன்று, பண்ருட்டியிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுதியது. "எதற்கெடுத்தாலும் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள், படிக்க அலுப்பாக இருக்கிறது" என்கிறார். அலுப்பாகத்தான் இருக்கும். எனக்கே அலுப்பு. ஆனால் எங்கள் தொழிலில் எண்ணுவதுதான் முதல் பாடம்.

ஒருவருக்கு என்ன கஷ்டம் என்று கேட்டால் "மனசு சரியில்ல" என்பார். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை நிமிஷம், எந்த நேரத்தில் என்று கேட்க வேண்டும். அவரையே நோட்டில் கோடு போட்டுக்கொண்டு வரச் சொல்ல வேண்டும். பிறகு சிகிச்சை, மறுபடியும் கோடு. கோடு குறைந்தால் நோய் குறைந்தது.

சேத்தியாத்தோப்பில் ஒரு ஆசிரியை இருந்தார். வெள்ளாற்றுப் பாலத்தைக் கடக்க முடியாது அவரால். நெஞ்சு படபடக்கும், கால் மரத்துப்போகும். பாலத்துக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். பஸ்ஸில் போனாலும் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்து சீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொள்வார். முதல் நாள் முதல் விளக்குக் கம்பம் வரை நடந்தோம். அங்கேயே நின்றோம், பயம் தானாக இறங்கும்வரை. நாற்பது நிமிஷம். ஒன்பதாம் நாள் நாலாவது கம்பம். முப்பத்தொன்றாம் நாள் அக்கரை போய் ஒரு சோடா குடித்துவிட்டுத் திரும்பி நடந்து வந்தார். அது என் முதல் கேஸ் கட்டுரை.

இரண்டாவது, ஒரு நாளைக்கு எழுபது தடவை கை கழுவிய பெண். ஒன்பதுக்குக் கொண்டுவந்தோம். விரலிடுக்குப் புண் ஆறி அவள் தன் குழந்தைக்குத் தானே தலை வாரிவிட்டதை நான் பார்த்தேன்.

இந்த இரண்டுக்காகவும் இன்றும் எனக்குத் தூக்கம் வருகிறது. மூன்றாவது கேஸ் ராஜவேலு.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடி.

அஞ்சலை கேட்டது

முதலில் வந்தது அவர் மனைவி அஞ்சலைதான். நெல்லிக்குப்பம் பக்கம். ராஜவேலு டிராக்டர் ஓட்டுகிறவர், ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போவார். நல்ல டிரைவர், மத்தியானம் மூன்று மணி வரைக்கும்.

"மூணு தடவ கவுறு கட்டியாச்சு சார்" என்றாள். எங்கள் பக்கத்தில் குடியை விட நினைப்பவர்களை அம்மன் கோயிலுக்கு அழைத்துப்போய், இனி தொடமாட்டேன் என்று சத்தியம் செய்யவைத்து, கையில் மஞ்சள் கயிறு கட்டிவிடுவது வழக்கம். பலருக்கு அது வேலை செய்கிறது. நான் அதை ஒருபோதும் இளப்பமாகப் பேசியதில்லை. "மொத கவுறு பதினெட்டு நாளு. ரெண்டாவது ஏழு நாளு. மூணாவது, கோயில் வாசப்படி எறங்கி வூட்டுக்கு வரதுக்குள்ள."

"அவரை அழைச்சிட்டு வாம்மா."

"வரமாட்டேங்கறாரு. நான் இன்னா பைத்தியமாடின்னு கேக்கறாரு. சார், சோத்துல தெரியாம கலந்து குடுக்கற மாத்திர இருக்காமே?"

இருக்கிறது என்று ஊரே சொல்லும். உண்மையில் அது தெரியாமல் கொடுக்கிற மாத்திரை இல்லை. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, குடலைப் புரட்டும். உயிருக்கே ஆபத்தாகலாம். சாப்பிடுகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து, பயந்து, தானே விலகியிருப்பதுதான் அந்தச் சிகிச்சை. அதனால் நோயாளியின் கையெழுத்து இல்லாமல் டாக்டர் எழுதமாட்டார்.

முடியாது என்று அனுப்பினேன். மறுபடி வந்தாள். மொத்தம் ஐந்து தடவை வந்தாள். ஐந்தாம் தடவை அவள் இடது கை மணிக்கட்டுக்கு மேல் மாவுக்கட்டு.

"இன்னும் எத்தினி தடவ சார் வரணும்?" என்றாள். அழவில்லை. கேள்வியாகத்தான் கேட்டாள்.

ஒப்புதல் தாளில் 'நோயாளி அல்லது காப்பாளர்' என்று அச்சடித்திருந்தது. அவளைக் காப்பாளர் என்று போட்டேன். கணவருக்கு விஷயம் தெரியும், வேலை நாள் என்பதால் வரவில்லை என்று டாக்டரிடம் சொன்னது நான். என் வாயால்தான் சொன்னேன். அவளுக்கு எப்படிப் பொடிக்க வேண்டும், எதில் கலந்தால் தெரியாது என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

"நல்லா புளி ஊத்தி வைக்கற கொழம்பு சார் எங்க வூட்ல" என்றாள். முதல் தடவையாகச் சிரித்தாள்.

நாலாவது கயிறு

அந்த வாரமே அவள் கணவரைக் கெஞ்சி நாலாவது கயிறு கட்ட வைத்தாள். அது அவளுடைய யோசனை. எனக்கே பின்னால்தான் தெரியும்.

ஒன்பதாம் நாள் ராஜவேலு குடித்தார். அரை மணி நேரத்தில் சட்டையைக் கிழித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் குங்குமம் பூசியதுபோல் ஆகிவிட்டதாம். நெஞ்சு டிராக்டர் இன்ஜின் மாதிரி அடித்ததாம். கூட இருந்தவர்கள் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பிழைத்தது பெரிய காரியம். அஞ்சலை வாயைத் திறக்கவில்லை. செய்தி வந்த அன்று நானும் திறக்கவில்லை. 

நாலு வாரம் கழித்து என் அறைக்கு ஒரு ஆள் வந்தார். உயரம், ஒல்லி, எண்ணெய் தேய்த்து வாரிய தலை. "நான்தான் சார் அஞ்சலை வூட்டுக்காரன். நீங்க நல்லதா நாலு வார்த்த சொல்லி அனுப்புவீங்களாமே, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கையை நீட்டிக் கயிற்றைக் காட்டினார். ஏழு முடிச்சு.

"மூணு தடவ ஏமாத்துனேன் சார். நாலாவது தடவ ஆத்தா புடிச்சிட்டா. நேரா வந்து மாரு மேல ஏறி உக்காந்துட்டா. 'இன்னொரு சொட்டு ஊத்துனியோ, தூக்கிக்கினு போயிருவேன்'ன்னா. இந்தக் காதுல கேட்டேன் சார்."

நான் தலையாட்டினேன்.

மாதங்கள் போயின. அவர் குடிக்கவில்லை. அவள் கலந்துகொண்டே இருந்தாள். அஞ்சலையின் தம்பி, கேலிக்காரன், கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் "இன்னா மாமா, சோடா மட்டுந்தானா? சோடாவயாவது ஆத்தா வுட்டுவச்சாளே" என்று சீண்டினானாம். ராஜவேலு சிரித்துக்கொண்டே இன்னொரு சோடா வாங்கிக் குடித்தாராம். அஞ்சலை இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். புதுப்பெண் மாதிரி இருந்தாள். "ராத்திரி என் தட்டுலேருந்து எடுத்து அவரு சாப்புடறாரு சார்" என்றாள், ரகசியம்போல.

என் நோட்டில் குடிக்காத நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. இருநூற்று நாற்பத்தேழு கோடுகள்.

கடைசி வரிசை

சிதம்பரத்தில் ஒரு கூட்டம். டாக்டர்கள், ஆலோசகர்கள், படிக்கிறவர்கள். என் மூன்று கேஸ்களையும் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். நான் பிறந்து வளர்ந்த ஊர். தெற்கு வீதியில் என் வீடு, கோயில் மணி கேட்கும் தூரம். நம் ஊரில் நாலு பேர் முன்னால் பேசுகிறோம் என்ற மமதை எனக்கு இருந்தது. இல்லாவிட்டால் ராஜவேலுவையும் அஞ்சலையையும் அங்கே வரச்சொல்லியிருக்க மாட்டேன்.

திட்டம் இதுதான்: நான் பேசி முடிக்கும்வரை அவர்கள் வெளியே பெஞ்சில் இருப்பார்கள். பிறகு கூப்பிடுவேன். ராஜவேலு உள்ளே வந்து குடியை விட்டது எப்படி என்று தன் வாயால் சொல்வார். ஆத்தா கதை. எல்லோரும் ரசிப்பார்கள்.

பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். திரையில் ஆங்கிலத்தில் போட்டு ஆங்கிலத்திலேயே பேசினேன். முடித்தபோது கைதட்டல் நன்றாக இருந்தது. படிக்கிற பெண் ஒருத்தி எழுந்து தமிழில் கேட்டாள்.

"சார், அவருக்குத் தெரியாமலே எப்படி எட்டு மாசம் குழம்புல கலந்து குடுக்க முடிஞ்சுது? டேஸ்ட் காட்டிக்குடுக்காதா?"

"நெல்லிக்குப்பத்துக் கருவாட்டுக் குழம்பும்மா. அதுல எதைக் கலந்தாலும் தெரியாது" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரிசையிலும் ஒருவர் சிரித்தார். வெள்ளைச் சட்டை, புதுசு, மடிப்புக் கலையாதது.

வெளியே வெயில் என்று அட்டெண்டர் இரக்கப்பட்டு அவர்களை உள்ளே உட்காரவைத்திருக்கிறார். எப்போது என்று எனக்குத் தெரியாது. ராஜவேலு சிரித்துக்கொண்டிருந்தது நாலைந்து வினாடி இருக்கும். தன் ஊர்ப் பெயர் கேட்டதும் சிரிக்க ஆரம்பித்த மனிதர். பிறகு பக்கத்தில் திரும்பி அஞ்சலையைப் பார்த்தார். அவள் தலை ஏற்கெனவே குனிந்திருந்தது.

கடலூர் பஸ்ஸில் மூவரும் ஒன்றாகத்தான் வந்தோம். அவள் பெண்கள் பக்கம். அவர் எனக்கு முன் சீட்.  புதுச்சத்திரம் தாண்டியதும் பல்லால் கடித்துக் கைக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். திரும்பிக் கயிற்றை என் மடியில் வைத்தார்.

"இது உங்களோடது சார். ஆத்தா கட்டல."

திரும்பவும் அந்த டிபன் பாக்ஸ்

அதிலிருந்து ஆறாம் நாள்தான் அவர் என் மேசையில் சாப்பாட்டைத் திறந்து வைத்தது.

நடுவில் ஒரு நாள் அஞ்சலை வந்துபோயிருந்தாள். மீதி மாத்திரை அட்டையை என் கையில் கொடுத்தாள். "இனிமே வேணாம் சார்." நான் கொடுத்ததையும் செலவானதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். சரியாக ஆறு மீதி இருக்க வேண்டும். ஆறும் இருந்தது. அவள் வீட்டில் ஒரு துண்டுகூட இல்லை. அந்தக் குழம்பில் புளியும் மிளகாயும் தவிர ஒன்றும் இல்லை என்று உலகத்திலேயே நிச்சயமாகத் தெரிந்தவர்கள் இருவர்தான். அவள், நான்.

"அதுல ஒண்ணும் இல்லை ராஜவேலு. நான் சொல்றேன்."

"நீங்க சொல்றத எப்பிடி சார் நம்பறது? எட்டு மாசம் சொல்லலையே. சாப்ட்டுக் காட்டுங்க."

"நான் சைவம். எங்க வீட்டுல முட்டைகூட நுழைஞ்சதில்லை."

"தெரியும் சார். அதான் கேக்கறேன். கவுச்சி தின்றவன் எவன் சாப்ட்டாலும் எனக்கு நம்பிக்க வராது. சைவக்காரரு ஒரு வாய் வச்சாருன்னா அது சத்தியம் பண்ண மாரி. வச்சிருங்க சார். நான் வூட்டுக்குப் போயி அவ கையால சாப்புடறேன். முடிஞ்சிச்சு. ஒங்க மேலயும் கோவமில்ல, அவ மேலயும் இல்ல."

அந்த ஒரு வாயின் விலை என்ன என்று எனக்குப் புரியவில்லை என்று சொல்லமாட்டேன். புரிந்தது. கையை டிபன் பாக்ஸ் வரை கொண்டுபோனேன். சோற்றைத் தொட்டேன். குழம்பில் ஒரு நெத்திலி, கண் தெரிந்தது. என் அப்பா ஞாபகம் வந்தது, வீட்டுப் பூஜை மாடம் ஞாபகம் வந்தது, என்னென்னவோ வந்தது. ஐம்பத்தேழு வருஷம் தொடாதது.  கையை எடுத்துவிட்டேன்.

அவர் என் விரலில் ஒட்டியிருந்த இரண்டு பருக்கையையே பார்த்தார்.

"அப்ப இருக்கு" என்றார்.

"இல்லை ராஜவேலு, சத்தியமா—"

"இருக்கு சார். இல்லாட்டி சாப்ட்டிருப்பீங்க."

அடுக்குகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து மூடினார். வாசலில் நின்று திரும்பினார். "பயப்படாதீங்க. குடிக்கமாட்டேன். குடிச்சா அவ கலந்தது சரின்னு ஆயிடும்."

குடிக்கவில்லை. அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் விசாரித்தேன். குடிக்கவில்லை. என் கேஸ் கட்டுரையில் முடிவு என்ற இடத்தில் 'முழு வெற்றி' என்று இருக்கிறது. குடும்ப ஒத்துழைப்பு என்ற இடத்தில் 'மிக நன்று'. இரண்டையும் நான் திருத்தவில்லை. பிறகு ஓய்வுபெற்றேன்.

எட்டாம் நாள்

சில வாரங்களுக்கு முன் அஞ்சலையின் தம்பி போன் செய்தான். மூளையில் ரத்தம் கசிந்து, இரண்டே நாளில் போய்விட்டாள். எனக்குச் செய்தி தாமதம். எட்டாம் நாள் படையலுக்குத்தான் போக முடிந்தது. சிதம்பரத்திலிருந்து கடலூர், அங்கிருந்து நெல்லிக்குப்பம். இரண்டு பஸ்.

தெருவில் சாமியானா. பதினாலு பிளாஸ்டிக் நாற்காலி. கை கழுவ உள்ளே போனேன். சமையலறையில் இரண்டு அடுப்பு. இரண்டு உப்பு ஜாடி, இரண்டு எண்ணெய்ச் சொம்பு, இரண்டு சோற்றுப் பானை.

"அப்பா சமையல் தனி சார்" என்றாள் மகள் கலா. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். "அடுப்புதான் ரெண்டு. சிலிண்டர் ஒண்ணுதான்."

"பேசிக்க மாட்டாங்களா?"

"பேசுவாங்க சார். சண்டையே கெடையாது. மழ வருது துணிய எடுன்னு அவரு சொல்வாரு, வெயில் ஜாஸ்தி கொட எடுத்துக்கினு போங்கன்னு அவுங்க சொல்வாங்க. சோறு மட்டுந்தான். அம்மா தெனமும் அப்பாவுக்கும் சேத்துத்தான் ஒல வைப்பாங்க. மூடி வச்சிருவாங்க. சாயந்தரம் வரைக்கும் பாத்துட்டு, ராத்திரிக்கு அதையே அவுங்க சாப்புடுவாங்க."

பதினோரு வருஷம். நாலாயிரத்துப் பதினைந்து நாள். லீப் வருஷம் சேர்த்தால் இரண்டோ மூன்றோ கூடும்.

ராஜவேலு சாமியானாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தலை முழுக்க வெள்ளை. "வாய்க்கரிசி நான்தான் சார் மொதல்ல போட்டேன்" என்றார்.  அவராகவே சொன்னார். 

"சார், ஒண்ணு கேக்கணும். அன்னிக்கி ஒங்க டேபிள் மேல வச்சேனே. அதுல இருந்துச்சா?"

"இல்லை."

"நெசமா?"

"ஆறு மாத்திரையும் என் டிராயர்ல இருந்துச்சு ராஜவேலு. அவங்க மூணு நாள் முன்னாடியே கொண்டாந்து குடுத்துட்டாங்க."

"அது தெரிஞ்சுமா நீங்க சாப்புடல?"

"தெரிஞ்சுதான்."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். "வெயிலு ஏறுது. பஸ்ஸு வுட்டுறப் போறீங்க" என்றார். உள்ளே போனார்.

நான் வாசலில் நின்றேன். படத்துக்கு முன்னால் அவளுக்குப் படைத்த இலை. கற்பூரம் காட்டி முடிந்திருந்தது. சோறு, முட்டை, மொச்சை போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அவளுக்குப் பிடித்தது. ராஜவேலு அந்த இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கலா அப்படியே நின்றுவிட்டாள்.

"இது யாரு வச்சது?"

"நான்தாம்பா வச்சேன்." பிறகு மெதுவாகச் சொன்னாள். "கொழம்புத் தூளு மட்டும் அம்மா அரச்சது."

அவர் பிசைந்தார். முதல் வாய் போனது. மென்று முடிக்க நேரமாயிற்று. இரண்டாவது, மூன்றாவது. தலை நிமிரவே இல்லை. பதினேழு வாய் வரை எண்ணினேன்.

"இன்னும் இருக்குதா அந்தத் தூளு?" என்று கேட்டார், இலையைப் பார்த்துக்கொண்டே.

"அர டப்பா கெடக்குப்பா."

அரை டப்பா ஒரு ஆளுக்கு நாற்பது நாள் வரும்.